கேரி தீவில் பனிக்கடி

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பெரிய மண்டபம். மேடையில் நான் நிற்கிறேன். என் காலடியில் ஒரு நீல நிற பிளாஸ்டிக் வாளி. வாளி நிறைய ஐஸ் கட்டி.

எதிரே வரிசை வரிசையாக வெள்ளைச் சீருடைகள். கிள்ளான், ஷா ஆலம், கோலாலம்பூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருந்த தீவிர சிகிச்சைப் பிரிவுத் தாதியர். எல்லோர் மடியிலும் நோட்டுப் புத்தகம், கையில் பேனா. நான் வாயைத் திறந்தால் எழுதிக்கொள்ளத் தயாராக இருந்தார்கள்.

ஒலிபெருக்கியில் ஓர் அதிகாரி ஆங்கிலத்தில் சொன்னார்: “அடுத்து, ஸ்டாஃப் நர்ஸ் பாக்கியம். பனிக்கடிக்கு ஆளான நோயாளிகளைப் பராமரிப்பதில் நீண்ட அனுபவம் உள்ளவர்.”

பலத்த கைதட்டல்.

அதுவரை என் வாழ்க்கையில் நான் தொட்ட மிகக் குளிர்ந்த பொருள் கிள்ளான் பஸ் நிலையத்துக்கு எதிரே விற்ற ஐஸ் கச்சாங், அதாவது சர்க்கரைப் பாகு ஊற்றிய துருவிய ஐஸ். கேமரன் மலைக்குக் கூடப் போனதில்லை. ஒருமுறை போகலாம் என்று கிளம்பியபோது என் கணவருக்குச் சளி பிடித்துவிட்டது.

பிறகு அந்த மேடைக்கு எப்படிப் போனேன் என்றால், எல்லாம் ஒரு பேனாவால் வந்தது.

நாற்பது கேள்விகள்

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவு வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆறு கட்டில்கள். சுவாசக் கருவிகள் மூன்று. கருவிகள் வந்திறங்கிய அன்று அவற்றைக் கொண்டுவந்த நிறுவனத்தின் ஆள் ஒருவர் பயிற்சி கொடுத்தார். காலை பத்து மணிக்குத் தொடங்கி, பத்தேமுக்காலுக்குத் தேநீர் குடித்து, பதினொன்றுக்கு முடித்தார். “ஓக்கே?” என்று கேட்டார். “ஓக்கே” என்றோம். பயிற்சி பெற்றதாக எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

அப்படிப்பட்ட எங்களுக்கு ஒருநாள் மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. தாதியருக்கு என்னென்ன திறமை இருக்கிறது, எதில் பயிற்சி தேவை என்று கண்டுபிடிக்கப் போகிறார்களாம். நாற்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை நமக்கு நாமே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று என்றால் தெரியாது. ஐந்து என்றால் கரை கண்டவர்.

நல்ல யோசனைதான். உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால் எல்லோருக்கும் நல்லது நடந்திருக்கும். ஆனால் எங்கள் வார்டில் ஒரு பழைய கதை உலவிக்கொண்டிருந்தது. முன்பு இதே மாதிரி ஒரு படிவம் வந்தபோது ஒரு தாதி ஏதோ ஒரு கேள்விக்கு இரண்டு போட்டாராம். அடுத்த வாரமே அவரை வெளிநோயாளர் பகுதிக்குத் தூக்கிவிட்டார்களாம். அங்கே உட்கார்ந்து காலை முதல் மாலை வரை கட்டுத் துணி வெட்டினாராம்.

பல ஆண்டுகள் கழித்து அந்த அம்மாவை ஒரு கல்யாண வீட்டில் பார்த்துக் கேட்டேன். “யார் சொன்னா? நானா கேட்டு வாங்கிட்டுப் போனேன் லா. அங்க ராத்திரி ட்யூட்டி இல்ல, பிள்ளைங்கள பார்த்துக்க சுலபம்” என்றார். மதிப்பெண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால் அன்று அது எங்களுக்குத் தெரியாது. எல்லோரும் எல்லாவற்றுக்கும் ஐந்து ஐந்தாகப் போட்டுக்கொண்டே போனோம். சுவாசக் கருவியின் அபாய ஒலிகளை இனம் காணுதல்: ஐந்து. இதயத் துடிப்பின் கோடுகளைப் படித்தல்: ஐந்து.

இருபதாவது கேள்வி கை கழுவுதல். இதற்கும் ஐந்து போட்டால் தற்பெருமையாகத் தெரியுமே என்று தோன்றியது. கொஞ்சம் அடக்கமாக மூன்று போட்டேன். பிறகு விசாரித்தால், அங்கேதான் அடக்கத்தைக் காட்ட வேண்டும் என்று ஒட்டுமொத்த வார்டுக்கும் தோன்றியிருக்கிறது.

அது எந்தப் பிராணி?

முப்பத்தேழாவது கேள்வியில் மாட்டிக்கொண்டோம். ‘ஃபிராஸ்ட்பைட்’ நோயாளியைப் பராமரித்தல்.

அந்தப் படிவம் ஏதோ ஒரு குளிர் நாட்டில் எழுதப்பட்டு, அப்படியே பிரதி எடுக்கப்பட்டது என்று இப்போது புரிகிறது. அன்று தேநீர் அறையில் என் பக்கத்தில் இருந்தவள் ரொக்கியா. என்னோடு ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்த மலாய்த் தோழி. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு பள்ளிக்குப் போனவள் என்பதால் தமிழை என்னைவிட வேகமாகப் பேசுவாள்.

“பாக்கியம், இது என்னாது? ஃபிராஸ்ட்?” என்றாள்.

“பைட்னா கடிதானே? டாக் பைட், ஸ்நேக் பைட் மாதிரி.”

“அது தெரியுது லா. ஃபிராஸ்ட்னா எந்தப் பிராணி?”

“எதுவா இருந்தா என்ன? கடிச்சா கழுவணும், கட்டுப் போடணும், ஊசி போடணும். எல்லாம் ஒண்ணுதான்.”

ரொக்கியா யோக்கியமானவள். தெரியாத பிராணிக்கு மதிப்பெண் போட மாட்டேன் என்று அந்த இடத்தைக் காலியாக விட்டாள். மற்றவர்களும் அப்படியே விட்டார்கள். நான் ஐந்து போட்டேன். போட்டதோடு விட்டேனா? பக்கத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருந்தது. அது காலியாக இருப்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

நான் கேரி தீவில் பிறந்து வளர்ந்தவள். அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். அங்கே என்னதான் கடிக்கவில்லை? பாம்பு, பூரான், தேள், நாய். ஒருமுறை எங்கள் பக்கத்து வீட்டு மாமா ஒரு வாத்திடம் கடிபட்டு மூன்று நாள் காய்ச்சலில் படுத்தார். அந்த அனுபவத்தையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, அழகான கையெழுத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன்:

‘கேரி தீவில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.’

மேட்ரன் அறையில்

இரண்டு மாதம் கழித்து முடிவுகள் வந்தன. எங்கள் வார்டில் எல்லோரும் அநேகமாக எல்லாவற்றிலும் வல்லவர்கள். கை கழுவுவதில் மட்டும் பயிற்சி தேவை. ஆகவே எங்கள் எல்லோருக்கும் இரண்டு நாள் கை கழுவும் பயிற்சி. இரண்டாம் நாள் மாலை என் கையில் தோல் உரிந்தது.

அந்த எரிச்சல் தீர்வதற்குள், தலைமைத் தாதியான மேட்ரன் கூப்பிடுவதாகச் சொன்னார்கள்.

மேட்ரன் திருமதி தம்பையா பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்த யாழ்ப்பாணத் தமிழர். குரலை உயர்த்தவே மாட்டார். வராந்தாவில் அவருடைய காலணிச் சத்தம் கேட்டாலே கட்டிலில் இருக்கும் நோயாளிகூடப் போர்வையைச் சரிசெய்துகொள்வார். எங்களிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார். தமிழில் பேசினால் ஏதோ நடக்கப் போகிறது என்று அர்த்தம்.

“இரும் பிள்ளை” என்றார் தமிழில்.

உட்கார்ந்தேன்.

“நீர் எழுதினதோ இது?” என் படிவத்தை மேசையில் திருப்பி வைத்தார்.

“ஆமா மேட்ரன்.”

“கேரி ஐலண்டில ஸ்னோ எப்ப பெய்தது?”

எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். பனி. உறைபனி. அதில் விரல்கள் மரத்து, வெளுத்து, கறுத்துப் போவது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நான் நாற்காலியில் ஓர் அங்குலம் கீழே இறங்கினேன்.

“மேட்ரன், நான் அது ஏதோ பூச்சின்னு நினைச்சிட்டேன்.”

அவர் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. “மேலிடத்து ஆக்கள் அப்பிடி நினைக்கேல்லை. எல்லா வார்ட்டிலயும் இருந்து ஒரு எக்ஸ்பர்ட் பேசவேணுமாம். மலேசியாவிலயே இதுக்கு அஞ்சு போட்ட ஆள் நீர் ஒராள்தானாம். அடுத்த மாதம் பெட்டாலிங் ஜெயாவில முப்பது நிமிசம் பேசவேணும்.”

“மேட்ரன், நீங்க ஒரு லெட்டர் எழுதி…”

“நான் ஏன் எழுதவேணும்? எழுதினது நீர்.”

வீட்டில் ஓர் ஆராய்ச்சி

நூலகத்தில் இருந்த தடித்த புத்தகத்தில் பனிக்கடி பற்றி ஒரே ஒரு பத்தி இருந்தது. வேகமாகப் படித்தால் ஒரு நிமிடம். நிறுத்தி நிறுத்திப் படித்தால் இரண்டு நிமிடம். மீதி இருபத்தெட்டு நிமிடத்துக்கு என்ன செய்வது?

என் கணவர் மாணிக்கம் ரயில்வேயில் குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வீட்டில் இருந்தோம். அவர் எதையும் செய்து பார்த்துத்தான் நம்புவார். “விரலு எப்படி மரத்துப் போவுதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்” என்று ஐஸ்பெட்டியின் மேல்தட்டில், உறைந்து கிடந்த கெம்போங் மீன்களுக்கு நடுவே கையை விட்டுக்கொண்டு நின்றார். நான் நோட்டோடு பக்கத்தில் நின்றேன்.

“என்னா தெரியுது?”

“ஜில்லுன்னு இருக்கு.”

“இப்ப?”

“ரொம்ப ஜில்லுன்னு இருக்கு.”

ஐந்தாவது நிமிடம் கையை இழுத்தார். ஈர விரல் தட்டோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. நான் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி விடுவித்தேன். இரண்டு நாளைக்கு அவர் கையில் மீன் வாடை போகவில்லை. அலுவலகத்தில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லையாம். பேச்சுக்கு அதில் ஒன்றும் தேறவில்லை.

பெட்டி என்ன சொல்லுது?

பேச்சுக்கு ஐந்து நாள் இருந்தபோது இது நடந்தது. இதைச் சொல்லாமல் அந்த மேடையைப் பற்றிச் சொல்ல முடியாது.

மூன்றாம் கட்டிலில் கோபால் என்று ஒருவர். முப்பது வயது இருக்கும். மோட்டார் சைக்கிள் விபத்தில் விலா எலும்புகள் முறிந்து வந்தவர். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, சுவாசக் கருவியோடு இணைத்திருந்தோம். பேச முடியாது. ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. ஒரு சிலேட்டும் சாக்குக் கட்டியும் கொடுத்திருந்தோம். தாதியரான எங்களை ‘மிஸ்ஸி’ என்று கூப்பிட்டு, அதில் எழுதித்தான் வம்புக்கு இழுப்பார்.

காலை பதினொரு மணி. திடீரென்று அவருடைய கருவி கத்தியது. விட்டு விட்டு, கூர்மையான சத்தம்.

நான் ஓடினேன். ரொக்கியா ஓடிவந்தாள். இரண்டு பேரும் கருவியின் முகத்தைப் பார்த்தோம். ஒரு சிவப்பு விளக்கு மின்னியது. ஒரு முள் மேலே போய்ப் போய் வந்தது. அபாய ஒலிகளை இனம் காணுதல், ஐந்துக்கு ஐந்து. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

“இது எந்த சத்தம்?” என்றேன்.

“உனக்குத் தெரியும்னுல நான் நினைச்சேன்!” என்றாள் ரொக்கியா.

கோபாலின் கண்கள் எங்கள் இருவருக்கும் நடுவே போய் வந்தன. நெற்றியில் வியர்வை அரும்பியது.

நல்ல வேளை, பழைய வார்டில் கற்ற ஒன்று கைக்கு வந்தது. கருவியைக் கழற்றிவிட்டு, கையால் அமுக்கும் ரப்பர் பையைக் குழாயில் பொருத்தி, மூச்சுக் கொடுத்தேன். அமுக்கு, விடு. அமுக்கு, விடு. அவர் மார்பு ஏறி இறங்கியது. உதடுகளின் நிறம் மாறவில்லை. ரொக்கியா டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

டாக்டர் வரப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடத்தில் என் கை வலித்ததும், கோபால் என் முகத்தைவிட்டுக் கண் எடுக்காததும் இன்றைக்கும் நினைவில் இருக்கின்றன.

டாக்டர் வந்தார். கருவியைப் பார்த்தார். கட்டிலுக்குக் கீழே தொங்கிய குழாயைத் தூக்கி, வளைவில் தேங்கியிருந்த தண்ணீரை ஒரு கிண்ணத்தில் கொட்டினார். அரைக் கிண்ணம்கூட இல்லை. மறுபடி பொருத்தினார். சத்தம் நின்றது.

“காற்று போக வழியில்லாமல் கத்தியிருக்கிறது. காற்றின் ஈரம் தண்ணீராகி அடைத்திருந்தது, அவ்வளவுதான்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

அவ்வளவுதான். மூன்று ஆண்டுகளில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கோபால் சிலேட்டைக் கேட்டார். எழுதிக் காட்டினார்: ‘மிஸ்ஸி, பெட்டி என்ன சொல்லிச்சு?’

“ஒண்ணுமில்ல. சும்மாதான் கத்திச்சு” என்றேன்.

அழித்துவிட்டு மறுபடி எழுதினார்: ‘உங்க மூஞ்சி அப்படிச் சொல்லல.’

சிலேட்டில் வந்த பாடம்

அன்று மதியம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். கேட்கும்போது பனிக்கடிக் கதையும் சேர்ந்து வந்துவிட்டது. பேச முடியாத மனிதர் சிரித்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். தோள்கள் மட்டும் குலுங்கின. மறுபடி கருவி கத்திவிடுமோ என்று எனக்குப் பயம்.

சிரித்து முடித்ததும் இடது கையைத் தூக்கிக் காட்டினார். இரண்டு விரல் நுனிகள் வழவழவென்று வெளுத்திருந்தன. சிலேட்டில் எழுதினார்: ‘பனிக்கடி.’

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

துறைமுகத்தில் மீன் உறைய வைக்கும் குளிர்அறையில் அவருக்கு வேலையாம். கிழிந்த கையுறையோடு உள்ளே போய் மாட்டிக்கொண்ட கதையைச் சிலேட் சிலேட்டாக எழுதினார். முதலில் ஊசி குத்துவது போல வலி. பிறகு வலியே இல்லை. ‘வலி நின்னாத்தான் ஆபத்து’ என்று எழுதி அடிக்கோடு போட்டார். கூட்டாளிகள் விரலைப் பிடித்துத் தேய்த்தார்களாம். தோல் கையோடு வந்துவிட்டதாம். ‘தேய்க்காதே’ என்று பெரிய எழுத்தில் எழுதினார்.

புத்தகத்தின் அந்த ஒரே பத்தியும் அதையேதான் சொன்னது. தேய்க்கக் கூடாது. நெருப்பில் காட்டக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்க வேண்டும். நான்கு நாளில் என் நோட்டில் ஏழு பக்கம் நிரம்பியது. ஐஸ் வாளி கொண்டுபோகும் யோசனையும் கோபாலுடையதுதான்.

மீண்டும் மேடை

வாளியோடு நின்றேன் அல்லவா? பேசத் தொடங்கினேன்.

முன்வரிசையிலிருந்து இரண்டு பேரை வரவழைத்து ஐஸில் விரலை வைக்கச் சொன்னேன். எப்போது குத்துகிறது, எப்போது மரக்கிறது என்று சொல்லச் சொன்னேன். கோபாலின் பெயரைச் சொல்லாமல் அவர் கதையைச் சொன்னேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். முப்பது நிமிடம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை. நானே நிபுணர்தான் போலிருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது.

“கேள்விகள் உண்டா?” என்றார் அதிகாரி.

ஒரு சீனத் தாதி எழுந்தாள். “கேரி தீவில் பலமுறை பார்த்ததாக நிகழ்ச்சித் தாளில் உங்கள் பெயருக்குக் கீழே போட்டிருக்கிறது. அங்கே இது எப்படி வருகிறது?”

தப்பிக்க வழி இருந்தது. அங்கேயும் குளிர்அறைகள் உண்டு என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பின்வரிசையில் மேட்ரன் தம்பையா கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் அந்த நேரத்தில் என் கண்ணுக்குத் தெரிந்தது அவர் இல்லை. ரப்பர் பையை அமுக்கிய பத்து நிமிடமும் என்னையே பார்த்த அந்த முகம்தான்.

“வரவில்லை” என்றேன். “ஃபிராஸ்ட் என்பது கடிக்கிற ஒரு பிராணி என்று நினைத்து எழுதினேன்.”

மண்டபம் அதிர்ந்தது. யாரோ நாற்காலியிலிருந்து விழுந்தார்கள். மேடை ஓரத்தில் இருந்த அதிகாரி கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். ஐஸில் விரல் வைத்துவிட்டு வாளிக்குப் பக்கத்திலேயே நின்ற ஒருத்தி சிரித்த சிரிப்பில் வாளியையே கவிழ்த்துவிட்டாள். ஐஸ் மேடை முழுக்க ஓடியது.

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன்.

“இன்னொன்றுக்கும் ஐந்து போட்டேன்” என்றேன். “சுவாசக் கருவியின் அபாய ஒலிகள். போன வாரம் ஒரு நோயாளியின் கருவி கத்தியது. அது என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?”

யாரும் சிரிக்கவில்லை. பேனாக்கள் நின்றுவிட்டன.

பிறகு அந்தச் சீனத் தாதி, இன்னும் உட்காராமல் நின்றவள், “எனக்குத் தெரியாது” என்றாள். பக்கத்தில் ஒருத்தி கையைத் தூக்கினாள். அப்புறம் ரொக்கியா இரண்டு கைகளையும் தூக்கினாள். கொஞ்ச நேரத்தில் எண்ணுவதற்குக் கஷ்டமாகிவிட்டது.

திரும்பி வரும் வேனில் மேட்ரன் என் படிவத்தை விரித்து வைத்துப் படித்துக்கொண்டே வந்தார். வெளிநோயாளர் பகுதியில் துணி வெட்டக் கத்தரிக்கோல் கொடுப்பார்களா, நாமே கொண்டுபோக வேண்டுமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

முன்வரிசை நாற்காலி

ஒரு வாரம் கழித்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வாரம் இரண்டு மதியம், சுவாசக் கருவிப் பயிற்சி. கருவியை நடுவில் வைத்து, ஒவ்வொரு சத்தமாகக் கத்தவிட்டு, ஏன் கத்துகிறது என்று கற்றுக்கொள்வது. கீழே மேட்ரனின் கையெழுத்து.

முதல் நாள் அதே டாக்டர்தான் பாடம் எடுக்க வந்தார். கோபால் அதற்குள் கருவியிலிருந்து விடுபட்டு, கீழ்த்தளத்து வார்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு மூச்சுக் கொடுத்த கருவியைத்தான் தள்ளிக்கொண்டு வந்தோம்.

உள்ளே போனால், முன்வரிசையில் நடு நாற்காலியில் மேட்ரன் உட்கார்ந்திருந்தார். மடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது போல ஒரு புத்தம் புதிய நோட்டு. பென்சில் சீவி வைத்திருந்தார். எங்களைக் கண்காணிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து நாங்கள் எல்லோரும் முதுகை நிமிர்த்தினோம்.

டாக்டர் கருவியைக் காட்டி, “தொடங்குவதற்கு முன் யாருக்காவது ஏதாவது சந்தேகம் உண்டா?” என்று கேட்டார்.

மேட்ரன் கையைத் தூக்கினார். மூன்று ஆண்டுகள் அந்த வார்டைக் கட்டி ஆண்டவர். டாக்டருக்குத் தமிழ் தெரியாது என்பதையும் மறந்து, தமிழிலேயே கேட்டார்.

“டொக்டர், இந்த மெஷினை எந்தப் பக்கத்தால ஓன் பண்ணுறது?”

டாக்டர் விழித்தார். எங்களில் யாரும் சிரிக்கவில்லை. ரொக்கியா மட்டும் எழுந்து போய், கருவியின் பின்பக்கம் குனிந்து, சுவிட்சைத் தொட்டுக் காட்டினாள்.

“இஞ்சையோ?” என்றார் மேட்ரன். பிறகு நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டார்.